கண்ணுக்குத் தூரம்

கயாக்கிலிருந்து ஆறு பாட்டில்.
உடையாமலிருக்க நடுவில் பெலிசித்தேயின் பழைய ஸ்வெட்டர்.
கூடவே ஒரு தாள்:
"அக்கா, மாமனார் புது லேபிள் அடிக்கிறார்.
எதற்கு எது தோது என்று பின்பக்கம் ஒரு வரி வேண்டுமாம்.
வாத்து என்றும் பாலாடைக்கட்டி என்றும்
பக்கத்துத் தோட்டத்தார் எல்லோரும் எழுதியாயிற்று.
உன் மெஸ்ஸில் வைத்துப் பார்த்துச் சொல்."

வைத்துப் பார்த்தேன்.
ஐப்பசி மழை. மாதா கோயில் வீதி முழுக்கக் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தியைச் சுற்றி மூன்று பேர்:
பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா அந்துவான் சேசுராசு,
ஐஸ் லாரி வைத்திலிங்கம்,
நிரவியிலிருந்து கணக்கெழுத வரும் தையல்நாயகி.
அவள் குடிக்கமாட்டாள், மோந்து மட்டும் பார்ப்பாள்.
இருந்த மூக்குகளில் அவளுடையதுதான் மூக்கு.

முதலில் மோசாக்.
பேர்தான் அப்படி, மோசமில்லை.
சீவிப்போட்ட பச்சை ஆப்பிள் தோல், கொஞ்சம் நுரை.
அரிசிமாவில் புரட்டிப் பொரித்த நெத்திலி
வாயில் நொறுங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு மிடறு.
ஈரத்துணியால் மேசை துடைத்ததுபோல்
எண்ணெயை வழித்துக்கொண்டு போனது.
இன்னொரு தட்டு கேட்டார்கள்.

துராஸ் சிவப்பு.
ஈரல் மிளகுப் பிரட்டல் வைத்தேன்.
"காரம் கறியிலயா, கிளாஸிலயா?" என்றார் வைத்திலிங்கம்.
இரண்டிலும்தான்.

ப்ரோக்கோல் கறுப்பு. மை மாதிரி.
"மழையில நனைஞ்ச இரும்பு கேட்டு" என்றாள் தையல்நாயகி,
கண்ணை மூடிக்கொண்டு.
கிளிஞ்சல்மேட்டு நண்டு, நேற்றே கரைத்த புளி.
ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ப்ரோக்கோல்.
சேசுராசு முகம் போன போக்கு!
ஓர் அடுப்படியில் இரண்டு மூத்த மருமகள்கள்.
எழுதிக்கொண்டேன்: புளியோடு வேண்டாம்.

நடுவில் தாளைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.
அங்கே கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லையாம்.
காயவிட்டால் வேர் ஆழம் போகுமாம்,
ஆழம் போனால் பழத்தில் ருசி ஏறுமாம்.
பட்டினத்துப் பக்கம், வாய்க்கால் முடிகிற இடத்தில்
வைத்திலிங்கத்துக்கு இரண்டு மா நிலம்.
"அப்படின்னா என் நெல்லு ருசி உலகத்துலயே கிடையாது" என்றார்.
சிரித்தோம்.
தாகத்தில் விடுவதற்கு அங்கே கலை என்று பேர்,
இங்கே கடைமடை.

கடைசி வெள்ளைக்கு லென் தெ லெல் என்று பேர்.
அந்தப் பக்கத்துப் பேச்சில் 'கண்ணுக்குத் தூரம்'.
முளைவிடும் இடத்தை அவர்களும் கண் என்கிறார்கள்,
நாம் கரும்புக்கும் சேனைக்கும் சொல்வதுபோல.
காம்பு நீளமாம்.
குலை தன் கண்ணைவிட்டு எட்டத் தொங்குமாம்.
நெத்திலியோடு படுத்துவிட்டது.
ஈரல் பக்கம் போகவே இல்லை.
"இதுல ஒண்ணும் வரலயே" என்று
டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள் தையல்நாயகி.

பதினொன்றரைக்கு எல்லோரும் போனார்கள்.
மிச்சமிருந்தது ஆறிப்போன இடியாப்பம், இறால் சொதி.
தேங்காய்ப்பால் மேலே ஏடு கட்டியிருந்தது.
எவர்சில்வர் டம்ளரில் விரற்கடை அளவு ஊற்றினேன்.
சீமைப்பழம்போல ஏதோ ஒன்று, பிறகு தேன், தேன் என்றும் சொல்லமுடியாது.
சொதியை அது தள்ளவில்லை, மேலே ஏறி உட்காரவுமில்லை.
பாட்டில் காலியாகும்வரை மழை விடவில்லை.
அதைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல்
'ஆறியபின்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மாசியில் லேபிள் அடித்து வந்தது.
எல்லாவற்றிலும் வாத்து.
மாமனார் பிடிவாதக்காரர்.
ப்ரோக்கோலில் மட்டும் வாத்துக்குக் கீழே
எறும்பு வரிசையாய் பொடி எழுத்து:
புளியோடு வேண்டாம்.

அந்த மலையடிவாரத்தில்
புளி வைத்திருப்பது யார்?
ஒருத்தி வைத்திருக்கிறாள்.
போன வருஷம் நான்தான் அனுப்பினேன்,
கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, இரண்டு கிலோ.